அக்டோபர் குளிருக்கு ஒரு பானைச் சோறு

கோவையிலிருந்து கனடாவின் வாட்டர்லூவுக்கு முதுகலை படிக்கப் போயிருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: செப்டம்பரில் வந்தேன், மூன்று பேரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், பொதுச் சமையலறை, கரண்ட் அடுப்பு. அக்டோபர் பாதி தாண்டியதும் ஆறரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பிரெட்டும் ஜாமும் தின்று நாக்கு செத்துவிட்டது. சூடாக, வயிற்றுக்கு இதமாக, அரைமணி நேரத்தில் என்ன செய்யலாம்? வீட்டில் காபி போட்டதோடு சரி, வேறு சமையல் தெரியாது.

நானும் 2012-ல் அதே ஊரில் போய் இறங்கி இதே பாடு பட்டவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக யூடியூபை மூடுங்கள். நாற்பது சமையல் வீடியோவைச் சேமித்து வைத்துவிட்டு ஒன்றையும் செய்யாமல் பிரெட்டைக் கடித்துக்கொண்டு தூங்கிப்போவதுதான் அந்த மாதத்தில் எல்லோருக்கும் நடப்பது. கைக்குப் பழகிய ஒரு சோறு, ஒரு ரசம், தொட்டுக்கொள்ள ஒரு தொக்கு. இவ்வளவு இருந்தால் ஏப்ரல் வரை ஓட்டிவிடலாம். நான் ஓட்டினேன்.

என் முதல் அக்டோபரில் செய்த பெரிய தப்பு, ஊரில் தின்றதையெல்லாம் அப்படியே அங்கே தேடியதுதான். சனிக்கிழமை பஸ் பிடித்து இந்தியக் கடைக்குப் போவேன். வாடி வதங்கிய முருங்கைக்காயையும் முற்றிப்போன வெண்டைக்காயையும் டாலரை மனதுக்குள் ரூபாயாக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடியே வாங்குவேன். திங்கட்கிழமை அசைன்மென்ட், செவ்வாய் லேப், புதன்கிழமை எடுத்துப் பார்த்தால் காய் கொழகொழத்துக் கிடக்கும். திரும்பவும் பிரெட். இத்தனைக்கும் வீட்டுக்குப் பக்கத்து சூப்பர்மார்க்கெட் வாசலிலேயே அரசாணிக்காய் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. அது அரசாணிக்காய் என்று எனக்கு நவம்பர் வரை தெரியவில்லை.

அங்கே அதற்குப் பெயர் பட்டர்நட் ஸ்குவாஷ். பேரிக்காயைப் பிடித்து இழுத்து நீட்டிவிட்ட மாதிரி இருக்கும், சந்தன நிறத் தோல், உள்ளே மஞ்சள் கலந்த ஆரஞ்சு. சென்னையில் மஞ்சள் பூசணி, தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கிக்காய், கோவைப் பக்கம் நமக்கு அரசாணி. எல்லாம் ஒரே இனம்தான், தாவரவியல் புத்தகத்தில் குக்குர்பிட்டா மொஸ்காட்டா. பரங்கிக்காய் என்று பேர் வந்ததே கப்பலில் பரங்கியரோடு வந்த காய் என்பதால்தான். அது கப்பலேறிய அமெரிக்கப் பக்கத்துக்குத்தான் நீங்கள் இப்போது படிக்கப் போயிருக்கிறீர்கள். நீங்கள் இருக்கும் தென் ஒன்டாரியோ மண்ணில் வெண்டாட் போன்ற பழங்குடி மக்கள் வெள்ளைக்காரர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் சேர்த்து வளர்த்திருக்கிறார்கள். சோளத்தண்டில் பீன்ஸ் ஏறும், பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும். 'மூன்று சகோதரிகள்' என்பார்கள்.

பருப்பும் இதே கதைதான். உலகத்திலேயே மைசூர் பருப்பை அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஒன்று கனடா, அதில் பெரும்பங்கு சஸ்காட்செவன் மாநிலத்தில் விளைவது. ஊரில் உங்கள் அம்மா மளிகைக்கடையில் வாங்கிய மைசூர் பருப்பே அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். ஆகவே சமைக்கிற பக்குவத்தை ஊரிலிருந்து எடுங்கள், பொருளை அங்கே அந்த மாதத்தில் குவிந்து கிடப்பதிலிருந்து எடுங்கள். செலவும் குறையும், அழுகிப் போவதும் குறையும். நான் சொல்லப்போகும் எல்லாமே இதுதான்.

பக்குவம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அகராதி 'இலையுதிர் காலம்' என்கிறது, ஆனால் நம்மூரில் மரம் இலை கொட்டுவது மாசி பங்குனியில். ஐப்பசி கார்த்திகை நமக்கு அடைமழை. பழைய பாட்டுகளில் அந்தப் பருவத்துக்குக் கூதிர் என்று பெயர், தெற்கே இன்னும் 'கூதலடிக்குது' என்பார்கள். அந்த ஈரக்குளிருக்கு நம் வீடுகளில் என்ன செய்தார்கள்? மிளகு, பூண்டு, சீரகம், சுக்கு, குழைந்த சோறு, மேலே ஒரு கரண்டி நெய். வாட்டர்லூவின் அக்டோபருக்கும் அதுவே சரியாகப் பொருந்துகிறது.

கோவைக்காரப் பெண்ணுக்கு அரிசிம்பருப்பு சோறு என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தின்றவர்கள் எல்லோருக்கும் செய்யத் தெரிந்திருப்பதில்லை. அதுவும் குக்கர் இல்லாமல் கரண்ட் அடுப்பில் செய்வது வேறு வித்தை. அதனால் அதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன்.

துவரம்பருப்பைத் தள்ளி வையுங்கள். குக்கர் இல்லாமல் அது வேக முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் அங்கே விற்பதில் பாதி எண்ணெய் தடவிய பருப்பு, வெந்நீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். மைசூர் பருப்பு திறந்த பாத்திரத்திலேயே கால் மணியில் கரைந்துவிடும். அம்மாவுக்குத் தெரிந்தால் "துவரம்பருப்பு போடாம என்ன அரிசிம்பருப்பு?" என்பார். சொல்லாதீர்கள்.

ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்பு. வயிறாரத் தின்றால் இரண்டு வேளைக்கு வரும். பொன்னியோ சோனா மசூரியோ கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் சூப்பர்மார்க்கெட் ஜாஸ்மின் அரிசி எடுங்கள். அது தானாகவே கொஞ்சம் ஒட்டிக் குழையும், இந்தச் சோற்றுக்கு அதுதான் வேண்டும். பாஸ்மதி உதிரி உதிரியாக நின்று வெறுப்பேற்றும். கல்லூரியிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே இரண்டையும் கழுவி ஊறப்போட்டுவிடுங்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கட்டிலில் ஒருமுறை சாய்ந்துவிட்டால் அன்றைக்குச் சமையல் கிடையாது. அரிசி ஊறிக்கிடந்தால் மட்டும் எழுந்து வருவோம்.

அம்மிக்கல் எங்கே போவது? ஐந்தாறு பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் சீரகம், அரை டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் கொத்தமல்லி விதை, எல்லாவற்றையும் கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கனமான காபி கப்பின் அடியால் நசுக்குங்கள். ஒன்றிரண்டாக உடைந்தால் போதும், மாவாக வேண்டாம். நான் ஒரு வருடம் முழுக்க இப்படித்தான் செய்தேன். அந்தக் கப்பின் அடியில் பூண்டு வாசனை கடைசிவரை போகவில்லை.

அடி கனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். தேங்காய் எண்ணெய் என்றால் நம்மூர் வாசம் வந்துவிடும். கடுகு, அது வெடித்ததும் இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை. பொடியாக நறுக்கிய ஒரு பெரிய வெங்காயம். சின்ன வெங்காயத்துக்கு ஆசைப்படாதீர்கள், அங்கே அதற்கு வேறு பெயர், வேறு விலை. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் நசுக்கிய மசாலா, ஒரு தக்காளி, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒன்றரை டீஸ்பூன் சாம்பார் பொடி. தக்காளி மசிந்ததும் நாலரை டம்ளர் தண்ணீர், ஒன்றரை டீஸ்பூன் உப்பு. கொதி வந்ததும் அரிசி பருப்பு, கூடவே தோல் சீவிய அரசாணித் துண்டுகள் ஒரு கைப்பிடி. இந்தத் துண்டுகள் நான் சேர்த்தவை, கோவையில் யாரும் போட மாட்டார்கள். ஆனால் அது கரைந்து சோற்றோடு சேரும்போது லேசான இனிப்பு மிளகுக் காரத்துக்கு அடியில் வந்து உட்காரும், தின்று பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

மறுகொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். 20 நிமிடம். நடுவில் இரண்டே முறை கிண்டினால் போதும். பிறகு அணைத்துவிட்டு 10 நிமிடம் திறக்காமல் விடுங்கள். அரைமணி என்று கேட்டீர்கள், இது கொஞ்சம் கூட வரும். ஆனால் உங்கள் கைக்கு வேலை முதல் பத்துப் பதினைந்து நிமிடம்தான், மீதி அடுப்பு பார்த்துக்கொள்ளும். திறந்ததும் இறுகித் தெரிந்தால் கெட்டில் வெந்நீர் அரை டம்ளர் ஊற்றிக் கிளறுங்கள். மேலே நெய். இது ஆறினால் கல், ஆகவே சூட்டோடு தின்ன வேண்டியது. தொட்டுக்கொள்ளத் தயிர். அங்கே 'பால்கன் ஸ்டைல்' என்று டப்பாவில் எழுதியிருக்கும் தயிர்தான் நம் வீட்டு உறைதயிருக்குப் பக்கத்தில் வரும், ஏனென்றால் அதை அந்த டப்பாவிலேயே உறைய வைக்கிறார்கள். கிரீக் தயிர் வேண்டாம், அது வடிகட்டிய தயிர், மோருக்கும் ஆகாது சோற்றுக்கும் ஆகாது.

இப்போது அந்த அடுப்பைப் பற்றி. தெரியாமல் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு.

நம்மூர் கேஸ் அடுப்பில் திருகினால் தீ எரியும், திரும்பத் திருகினால் போய்விடும். அங்கே சுருள் கம்பி அடுப்பு. சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும், அணைத்த பிறகும் சில நிமிடம் சூடு போகாது. எனக்கு அது தெரியாது. முதல் வருடம் நான் இருந்த விடுதியில் ஒரு ராத்திரி 11 மணிக்கு ரசம் தாளிக்கப் போனேன். எண்ணெய் காயவில்லையே என்று திருகைக் கடைசி எண்ணுக்குத் தள்ளிவிட்டு மொபைலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடுகு போட்டதும் ஒரே நொடியில் கருகியது. பதறிப்போய் அடுப்பை அணைத்தேன், ஆனால் கரண்டியை அதே கம்பி மேலேயே விட்டுவிட்டு வரமிளகாயையும் போட்டேன். மிளகாய் நெடி எழுந்தது, நான் இருமத் தொடங்கினேன், புகை அலாரம் கத்தத் தொடங்கியது. கட்டடம் முழுக்க வெளியே வர வேண்டும் என்பது விதி. போர்வை போர்த்தியவர்கள், ஈரத்தலையோடு துண்டு சுற்றியவர்கள், வெறுங்காலோடு ஒருவர், எல்லோரும் புல்வெளியில் மூன்று டிகிரிக் குளிரில் தீயணைப்பு வண்டிக்காக நின்றார்கள். வந்தவர் சமையலறையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது, "என்ன சமைத்தாய்? கண் எரிகிறதே!" கடுகுக்கு விளக்கம் சொல்ல எனக்கு அன்றைக்கு ஆங்கிலம் வரவில்லை.

ஆகவே, கரண்ட் அடுப்பில் தாளிப்பு எப்போதும் நடுத்தரச் சூட்டுக்கு மேல் போகக்கூடாது. சமையல் தொடங்கும்போதே அடுப்புக்கு மேலிருக்கும் விசிறியைப் போடுங்கள், ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். பழைய வீடுகளில் பாதி விசிறிகள் புகையை வெளியே தள்ளாது, உறிஞ்சி வடிகட்டி அங்கேயே விடும். போதும் என்று தோன்றினால் அணைப்பதோடு நிற்காமல் பாத்திரத்தைத் தூக்கிப் பக்கத்துக் குளிர்ந்த கம்பிமேல் வையுங்கள். ரசத்துக்குத் தாளிக்கும்போது வரமிளகாயைக் கடைசியில், பாத்திரத்தை நகர்த்திய பிறகு போட்டாலே போதும், அந்தச் சூட்டில் பொரிந்துவிடும். புகை அலாரத்தைக் கழற்றி வைக்க மட்டும் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அபராதத்தை விடுங்கள், கட்டில்களும் காகிதங்களும் நிறைந்த மர வீடு அது.

மிச்சச் சோறு விஷயத்தில் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. வெளியே நாலு டிகிரி, நாடே ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கிறதே என்று பானையை அடுப்பு மேலேயே விட்டுத் தூங்கிவிடுவார்கள். வெளியேதான் நாலு டிகிரி. ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் 20, 21 டிகிரி. சமைத்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சூட்டில் சாகாமல் தப்பி நிற்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கக் கிடக்க அவை முளைத்து நஞ்சு விடும், மறுநாள் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான டப்பாவில் பரப்பி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாளுக்குள் தின்றுவிடுங்கள். மைக்ரோவேவில் வைக்கும்போது இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் அரிசிம்பருப்பு திரும்ப உயிர் பெறும்.

அரசாணியை வெட்டுவதுதான் சிலருக்குப் பயம். சரியான பயம், பட்டர்நட்டின் தோல் கல் மாதிரி, கத்தி வழுக்கினால் கை போய்விடும். முள்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் ஆழமாகக் குத்திவிட்டு முழுக்காயையும் மைக்ரோவேவில் மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். தோல் இளகிவிடும், பிறகு உருளைக்கிழங்கு மாதிரி சீவலாம். துணி பிடித்து எடுங்கள்.

அதைவிடச் சோம்பேறி வழி ஓவன். ஊரில் நம் வீடுகளில் ஓவன் கிடையாது, அதனால் அங்கே போயும் பலர் அதைப் பாத்திரம் அடுக்கும் அலமாரியாகத்தான் பயன்படுத்துகிறார்கள். காயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, விதையை வழித்து எடுத்து, எண்ணெய் தடவி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் கவிழ்த்து வையுங்கள். ஓவன் எண் ஃபாரன்ஹீட்டில் இருக்கும்: 400, நம் கணக்கில் சுமார் 200 டிகிரி. 45 நிமிடம். அந்த நேரத்தில் நீங்கள் அடுத்த நாள் அசைன்மென்ட்டை அங்கேயே மேசையில் உட்கார்ந்து எழுதலாம். ஓவன் ஓடினால் சமையலறை முழுக்கக் கதகதப்பாகும், வீட்டில் மற்ற மூன்று பேரும் தானாக வந்து உட்காருவார்கள். எங்கள் வீட்டில் நாலு பேரும் முதன்முதலாக ஒரே மேசையில் பேசிக்கொண்டது அப்படித்தான்.

வெந்த காயைக் கரண்டியால் வழித்தால் அல்வா மாதிரி வரும். அதில் பாதியை ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். மீதியை இரண்டு டம்ளர் வெந்நீரில் கரைத்து, தட்டிய இஞ்சி, சீரகம், மிளகுத்தூள், உப்பு, அரை டின் தேங்காய்ப்பால் சேர்த்து ஒரு கொதி விட்டால் சூப். மிக்ஸி வேண்டாம், மத்து இருந்தால் போதும். கடைகளில் டின்னில் விற்கும் ஸ்குவாஷ் சூப் ஒன்று உண்டு, பட்டையும் சர்க்கரையும் போட்டுப் பாயசத்துக்கும் சூப்புக்கும் நடுவில் திணறும், அதை நினைத்துப் பயப்படாதீர்கள். அதே ஓவன் தட்டில் உருளை, கேரட், காலிஃபிளவர், கொஞ்சம் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, எண்ணெய் பிசறிப் பரப்பினால் 35 நிமிடத்தில் வறுவல். நின்று கிண்ட வேண்டாம், புகை கிடையாது.

ஹாலோவீனுக்குக் குவித்திருக்கும் பெரிய ஆரஞ்சு உருண்டைகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். நவம்பர் ஒன்றாம் தேதி அவற்றைக் கிட்டத்தட்டச் சும்மாவே கொடுப்பார்கள், நான் ஒன்றைத் தோளில் சுமந்து வந்திருக்கிறேன். முகம் செதுக்குவதற்காக வளர்க்கும் காய் அது, வெறும் தண்ணீரும் நாரும். கூட்டு வைத்தேன், கூட்டில் நீச்சலடிக்கலாம் போலிருந்தது. சிறிய உருண்டையாக 'பை பம்ப்கின்' என்று விற்பது வேண்டுமானால் பரவாயில்லை.

ரசத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே குளிர்காலத் தக்காளிக்கு நிறம் மட்டும்தான். டின் தக்காளி வாங்குங்கள், கோடையில் பழுத்ததை அடைத்திருப்பார்கள். 796 மில்லி என்று விநோதமான கணக்கில் ஒரு பெரிய டின் வரும். ஒரு கப் எடுத்து மசித்து, அரை டீஸ்பூன் புளி பேஸ்ட், இரண்டரை கப் தண்ணீர், உப்பு, மஞ்சள்தூள், கப்பால் நசுக்கிய மிளகு சீரகம் தலா ஒரு டீஸ்பூன், நாலு பல் பூண்டு. ஓரத்தில் நுரை கட்டி மேலே எழும்பும்போது இறக்கிவிட வேண்டும், தளதளவென்று கொதிக்கவிட்டால் கசாயம். மீதித் தக்காளியை சிறு டப்பாக்களில் ஃப்ரீசரில் வையுங்கள். கறிவேப்பிலையும் ஃப்ரீசரில் மாதக்கணக்கில் நிற்கும், கழுவாமல் காய்ந்தபடியே டப்பாவில் போட்டால் போதும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அதற்கப்புறம் ஐந்து மணி தாண்டியதுமே இருட்டு. அந்த வாரம் வகுப்பில் பாதிப் பேர் தும்முவார்கள். ரசம் கைவசம் இருக்கட்டும்.

தொக்கு என்றேனே. இது நான் அங்கே கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டு, பிறகு விசாரித்தால் அமெரிக்கா கனடாவில் இருக்கும் தமிழ் வீடுகள் பலவற்றில் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. கனடாவில் தேங்க்ஸ்கிவிங் என்ற அறுவடைப் பண்டிகை அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை. அந்தச் சமயத்தில் கிரான்பெர்ரி என்ற சிறு சிவப்புப் பழம் பச்சையாக 340 கிராம் பைகளில் வரும். நம்மூர்க் களாக்காய் தின்றிருக்கிறீர்களா? அதே புளிப்பு, அதே லேசான துவர்ப்பு. ஒரு பைக்கு நாலு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம், மஞ்சள்தூள். பழத்தைக் கழுவித் துடைத்துப் போட்டு மூடினால் உள்ளே படபடவென்று வெடிக்கும், பயப்படாதீர்கள், அலாரம் அடிக்காது. எல்லாம் வெடித்து மசிந்ததும் இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், உப்பு, அரை டீஸ்பூன் வறுத்த வெந்தயப் பொடி, எலுமிச்சை அளவு வெல்லம். எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை கிளறுங்கள், மொத்தம் கால் மணிதான். ஆறியதும் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில். தயிர்ச் சோற்றுக்கு, தோசைக்கு, ஒன்றுமில்லாத ராத்திரியில் டோஸ்ட் மேல் தடவிக்கூட. எங்கள் வீட்டிலிருந்த ஹாமில்டன்காரப் பையன் அதை வான்கோழிக்குத் தொட்டுக்கொண்டான். அவர்கள் வீட்டில் கிரான்பெர்ரியைச் சர்க்கரை போட்டு வைப்பார்களாம், "இது கோபத்தில் இருக்கிற கிரான்பெர்ரி" என்றான்.

ஆப்பிளும் அந்த மாதத்துப் பொருள்தான். மெக்கின்டாஷ் என்ற வகை 1811-ல் ஒன்டாரியோவிலேயே டண்டேலா என்ற ஊரில் ஒரு விவசாயி நிலத்தில் கிடைத்தது. புளிப்பும் இனிப்புமாக இருக்கும், அடுப்பில் வைத்தால் சீக்கிரம் குழைந்துவிடும். அதனால் மாங்காய்ப் பச்சடி செய்கிற மாதிரியே வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு, கடுகு வரமிளகாய் தாளிப்பு போட்டுப் பச்சடி செய்யலாம். தீபாவளி அங்கே பெரும்பாலும் ஒரு தேர்வுக்கும் இன்னொரு தேர்வுக்கும் நடுவில் வந்துபோகும், லீவு கிடையாது. பஜ்ஜி சுட எண்ணெய்ச் சட்டி வைக்கவும் அந்த அலாரத்துக்கு அடியில் தைரியம் வராது. நான் அந்த வருடம் செய்தது பருப்புச் சோறும் இந்தப் பச்சடியும்தான்.

இட்லி மாவு ஆசை வரும். வரட்டும். 20 டிகிரியில் மாவு பொங்காது. ஓவனை மூட்டாமல் உள்விளக்கை மட்டும் போட்டுவிட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்தால் அந்த விளக்குச் சூட்டில் 12 முதல் 16 மணி நேரத்தில் பொங்கிவிடும். ஓவன் கதவில் 'உள்ளே மாவு இருக்கிறது, மூட்டாதே' என்று காகிதம் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் யாராவது பீட்சா சுட ஓவனை மூட்டுவார்கள். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஆனால் இந்த வேலையை டிசம்பர் லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், இப்போது வேண்டாம். காலைக்கு ரவை உப்புமா, ஓட்ஸ் கஞ்சி. மாலையில் சுக்குமல்லிக் காபி, பொடியை அம்மாவை அனுப்பச் சொல்லுங்கள்.

குக்கர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். முதலில் வீட்டுக்காரரிடமோ விடுதியிலோ கேளுங்கள், சில இடங்களில் அறைக்குள் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. அனுமதி இருந்தால் நாலு பேரும் சேர்ந்து ஒரு எலக்ட்ரிக் குக்கர் வாங்குங்கள். எல்லோரும் சொல்லும் அந்த இன்ஸ்டன்ட் பாட் 2010-ல் ஒட்டாவாவில் பிறந்ததுதான், உங்கள் மாநிலத்துச் சரக்கு. பழையது விற்பவர்கள் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நிறைய வருவார்கள், படிப்பு முடித்துக் கிளம்புகிறவர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மோந்து பார்த்து வாங்குங்கள், சிலதில் முந்தைய வீட்டுச் சாம்பார் வாசனை போகவே போகாது. அதுவரை ஒரு அடி கனமான மூடி போட்ட பாத்திரம், ஒரு சின்னத் தாளிப்புக் கரண்டி, ஒரு நல்ல கத்தி போதும். மாதக் கடைசியில் கை சுருங்கினால் கூச்சப்படாமல் மாணவர் சங்கத்தில் விசாரியுங்கள், பல பல்கலைக்கழகங்களில் அரிசி பருப்பு டின் காய் எல்லாம் இலவசமாக எடுத்துக்கொள்ளும் அலமாரி உண்டு. சூப்பர்மார்க்கெட் சலுகைத் தாள் வியாழக்கிழமைதோறும் மாறும், அன்றைக்குப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஊருக்கு வடக்கே செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தை வியாழன், சனி இரண்டு நாளும் உண்டு. மென்னொனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகள் சிலர் இன்னும் குதிரை வண்டியில் வருவார்கள். காலையிலேயே போய்விடுங்கள். அங்கே அரசாணி எடுக்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், பளபளத்தால் பிஞ்சில் பறித்தது. தோல் மங்கலாக, நகம் இறங்காமல் இருக்க வேண்டும், தூக்கினால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும், காம்பு காய்ந்து ஒட்டியபடியே இருக்க வேண்டும். கழுத்து நீண்டு, அடி சிறுத்ததாக எடுங்கள், விதை இருப்பது அடியில்தான், கழுத்து முழுக்கச் சதை. மூன்று வாங்கிக் கட்டிலுக்கடியில் ஹீட்டர் படாத மூலையில் வைத்தால் ஒன்றிரண்டு மாதம் கெடாது.